5,000 என்ற பழைய எண்: மலைப்பாதை லோடு வண்டிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேட்டுப்பாளையத்தில் ஏற்றி ஊட்டியில் இறக்கியும், ஊட்டியில் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கியும் பிழைக்கிற பிக்கப், லோடு வேன், குட்டியானை ஓட்டுநர்களுக்கும் உரிமையாளர்களுக்கும்,

உங்களில் பாதிப் பேரின் வண்டிக்கு அடியில் நான் படுத்து வேலை பார்த்திருக்கிறேன். மீதிப் பேருக்கு, உங்கள் அப்பா ஓட்டிய வண்டிக்கு அடியில். முப்பத்து மூன்று வருடம் டீசல் இன்ஜினோடு கழிந்துவிட்டது. இப்போது முதுகு ஒத்துழைப்பதில்லை. பட்டறையை என்னிடம் தொழில் கற்ற பையன் நடத்துகிறான். நான் காலையில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறேன். உங்கள் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அத்தனை பேரையும் தேடிப்போக முடியாது என்பதால் எழுதுகிறேன். விஷயம் இன்ஜின் ஆயில்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஸ்டாண்டில் நிற்கிற ஒரு தம்பி, 2020 கடைசியில் பி.எஸ்.6 பிக்கப் ஒன்றை லோன் போட்டு எடுத்தார். கம்பெனியின் இலவச சர்வீஸ்கள் முடிந்ததும் வண்டி என்னிடம் வந்தது. எல்லா வண்டிக்கும் எந்த பேரலிலிருந்து ஊற்றுவேனோ அதிலிருந்தே இதற்கும் ஊற்றினேன். 15டபிள்யூ-40, சி.எஃப்.-4 தரம். “ஐயாயிரத்துக்கு ஒரு தடவை தவறாம மாத்திரு தம்பி, இன்ஜின் கல்லு மாதிரி நிக்கும்” என்றேன். அவர் ஒரு தடவைகூடத் தவறவில்லை. இரண்டரை வருடம் கழித்து, அரிசி மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்தபோது பர்லியார் தாண்டியதும் எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி இழுக்கவில்லை. சைலன்சர் பாதையில் இருக்கும் புகை வடிகட்டி, டி.பி.எஃப். என்கிறார்களே, அது அடைத்துக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே கரியைவிடச் சாம்பல்தான் அதிகம். அதைச் சரிசெய்து வண்டி மறுபடி ஓடுவதற்குள் அவருக்கு இரண்டு மாத டியூவுக்கு மேல் போயிற்று. ஓடாத நாட்களின் வாடகை தனி.

என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. “நீங்க சொன்ன மாதிரிதானேங்ணா பண்ணினேன்” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த மடல்.

அடைப்புக்கு ஆயில் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது நடுவில் இன்ஜினை நிறுத்தியதும் ஒரு காரணம். ஆனால் சாம்பலுக்கு என் பேரல் ஆயில்தான் பொறுப்பு. விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கரி மறுபடி எரியும். சாம்பல் எரியாது, அள்ளித்தான் கொட்ட வேண்டும். இன்ஜினிலிருந்து வரும் கரியை அந்த வடிகட்டி சூடேற்றி எரித்துவிடும். ஆனால் இன்ஜின் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக எரியும்போது, அதில் கலந்திருக்கும் கால்சியம், துத்தநாகம் போன்ற உலோகச் சேர்க்கைகள் சாம்பலாகி அங்கேயே தங்கிவிடும். அடுப்பிலிருந்து அள்ளுகிற மாதிரி அதை வீட்டில் அள்ள முடியாது. பழைய தர ஆயில்களில் இந்தச் சாம்பலுக்கு வரம்பே கிடையாது. வடிகட்டி உள்ள வண்டிகளுக்கென்று வந்த சி.ஜே.-4, சி.கே.-4 தரங்களில் அது நூற்றுக்கு ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நான் ஊற்றியது 1990இல் வந்த தரம். அந்தத் தரத்தை வகுத்த ஏ.பி.ஐ. அமைப்பே அதை வழக்கொழிந்தது என்று ஒதுக்கி வெகுகாலம் ஆயிற்று. முப்பது வருடத்துக்குப் பிறகு வந்த இன்ஜினில் அதை ஊற்றிவிட்டு, அடிக்கடி மாற்றச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். வண்டிக்குப் பொருந்தாத ஆயிலை எத்தனை தடவை புதிதாக ஊற்றினாலும் அது பொருந்தாத ஆயில்தான்.

அப்படியானால் அந்த 5,000 எங்கிருந்து வந்தது? எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் சொன்னார், அவருக்கு அவருடைய குரு சொன்னார். அவர்கள் சொன்னது பொய்யில்லை. அவர்கள் காலத்து டீசலில் கந்தகம் கொட்டிக் கிடந்தது. 2000ஆம் ஆண்டு விதிமுறையிலேயே பத்து லட்சம் பங்கு டீசலில் 2,500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்றிருந்தது. அந்தக் கந்தகம் எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து, அமிலமாகி ஆயிலில் இறங்கும். ஆயிலில் இருக்கும் காரச் சத்துதான் அந்த அமிலத்தை முறிக்க வேண்டும். காரம் தீர்ந்த ஆயில் பேரிங்கை அரிக்க ஆரம்பிக்கும். அதனால் தீருவதற்கு முன்பே மாற்றினார்கள். புகையும் அதிகம், கரியும் அதிகம், அன்றைய ஆயிலுக்கு அதைத் தாங்கும் சக்தியும் குறைவு. அந்த நிலைமையில் ஐயாயிரம் சரியான கணக்கு.

பிறகு டீசல் மாறியது. பி.எஸ்.3இல் கந்தகம் 350 பங்கு. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ்.4 வந்தபோது 50. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6, வெறும் 10 பங்கு. இன்ஜின் மாறியது, பம்ப் மாறியது, ஆயிலும் மாறியது. நாம் மட்டும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டோம். ஏன் அந்த எண் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை.

இதைச் சொன்னதும் இளைய தம்பிகள் சிலர் எதிர்ப்பக்கம் தாவிவிடுவார்கள் என்று தெரியும். யூடியூபில் அமெரிக்க பிக்கப் பார்க்கிறீர்கள். அங்கே ராம் வண்டியில் வரும் 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசலுக்கு 15,000 மைல் வரை, அதாவது சுமார் 24,000 கிலோமீட்டர் வரை, ஒரே ஆயிலில் போகலாம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதே விதியில் இன்னும் இரண்டு வரி இருக்கிறது: 500 மணி நேரம், அல்லது ஒரு வருடம். மூன்றில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். அந்த இன்ஜினில் பிடிக்கும் ஆயில் 11 லிட்டருக்கு மேல். நம் வண்டிகளில் பெரும்பாலும் அதில் பாதிதான். பெரிய அண்டாவில் விழுந்த கைப்பிடி உப்பும் சின்னச் சட்டியில் விழுந்த கைப்பிடி உப்பும் ஒரே கரிப்பைத் தராது. அவர்களுடைய எண்ணை எடுத்து நம் வண்டியில் ஒட்டினால், நான் செய்த தவறையே வேறு எண்ணை வைத்துச் செய்வதாகிவிடும்.

ஆனால் அந்த விதியில் இருக்கும் ‘மணி நேரம்’ என்கிற சொல்லை மட்டும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். மலை வண்டிக்கு அதுதான் உயிர்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஆனால் ஏற்றம் 1,900 மீட்டர் அளவுக்கு. பதினான்கு கொண்டை ஊசி வளைவு, சீசனில் டூரிஸ்ட் நெரிசல், முன்னால் ஊர்ந்து போகும் பஸ். லோடு வண்டி ஏற இரண்டரை மணி நேரம், இறங்க இரண்டரை மணி நேரம் என்று வையுங்கள். போக வர 102 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். இப்படி 98 நடை அடித்தால் மீட்டர் பத்தாயிரத்தைக் காட்டும். இன்ஜின் அதற்குள் 490 மணி நேரம் ஓடியிருக்கும். ராத்திரியில் கோயம்பேட்டுக்கு நான்கு வழிச் சாலையில் போகிற வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் அதே பத்தாயிரத்துக்கு அதன் இன்ஜின் ஓடியது 200 மணி நேரம்தான். மீட்டரில் இரண்டும் ஒன்று. ஆயிலுக்கு ஒன்றில்லை.

இதோடு சேர்ந்து, வண்டியை நிறுத்திவைத்து இன்ஜினை ஓடவிடும் நேரம் வேறு. மண்டியில் முறை வரும்வரை, கேரட் கழுவும் இடத்தில் மூட்டை ஏறும்வரை, மழைக்கு ஏசி போட்டுக்கொண்டு என்று ஒரு நாளில் ஒரு மணி நேரம் சும்மா இன்ஜின் ஓடுகிறது. மீட்டர் நகராது, ஆயில் உழைத்துக்கொண்டேயிருக்கும். ஒரு மணி நேரம் ஐட்லிங் என்றால் 40 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம் என்பது டீசல்காரர்களிடம் புழங்கும் ஒரு தோராயக் கணக்கு. மாதம் 26 நாள் இப்படிப் போனால், மீட்டரில் தெரியாத ஆயிரம் கிலோமீட்டர் சேர்ந்துவிடுகிறது.

ஆகவே உங்கள் வண்டிக்கு எத்தனை கிலோமீட்டர்? வண்டியோடு வந்த கையேட்டை எடுங்கள். டேஷ்போர்டுப் பெட்டியில், ஆர்.சி. நகலுக்கும் சாமி படத்துக்கும் கீழே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும். அதில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மாதம், எந்த ஆயில் என்று மூன்றும் இருக்கும். கடினமான உபயோகத்துக்குத் தனி அளவு போட்டிருந்தால், மலைப்பாதை, புழுதி, முழு லோடு, அடிக்கடி நின்று போவது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். நம் எல்லோருக்கும் அந்த வரிதான். தனியாகப் போடவில்லை என்றால் என் அனுபவத்தில் சொல்கிறேன்: புத்தகம் 10,000 என்றால் மலை வண்டிக்கு 7,500. புத்தகம் 20,000 என்றால் 14,000. குவாரி, எம்.சாண்ட் அடிக்கிற வண்டிக்கு இன்னும் குறையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடும் வண்டியாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். வாரன்டி காலம் முடியாத வண்டியில் என் கணக்கும் வேண்டாம், யார் கணக்கும் வேண்டாம். புத்தகத்தில் உள்ளபடி செய்து பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

இனி எந்த ஆயில் என்பது. கேனில் இரண்டு குறி பாருங்கள்.

ஒன்று, 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று போட்டிருப்பது. முன் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடுகிறது என்பதற்கு, பின் எண் கொதிநிலைச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கு. 15டபிள்யூ ஆயிலைப் பம்ப் இழுக்கிறதா என்று சோதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியில். ஊட்டியில் உறைபனி விழுகிற ஜனவரி விடியலிலும் அதற்குப் பக்கத்தில் நாம் போவதில்லை. ஆகவே முன் எண்ணைப் பற்றிப் பயம் வேண்டாம். பின் எண்தான் முக்கியம். “கெட்டி ஆயில் போட்டா இன்ஜினுக்குப் பலம்” என்று நம்மில் ஒரு நம்பிக்கை. புது இன்ஜின்களில் பேரிங் இடைவெளி, பம்ப், டர்போவின் சின்ன எண்ணெய்த் துளைகள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட பருமனுக்கு என்று செய்தவை. 30 கேட்கும் இன்ஜினில் 40 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும். 40 கேட்கும் பழைய இன்ஜினில் 30 ஊற்றினால் சூட்டில் படலம் மெலிந்துபோகும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் ஒரு தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வண்டியும் லோடும் அந்தப் படலத்தின் மேல்தான் மலையேறுகின்றன.

இரண்டாவது, தரக் குறி. ஏ.பி.ஐ. என்று போட்டு அதற்குப் பின் சி.ஐ.-4, சி.கே.-4 என்று இருக்கும். சி.ஐ.-4 வந்தது 2002இல், சி.கே.-4 வந்தது 2016 கடைசியில். பி.எஸ்.3, பி.எஸ்.4 வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கையேடு வேறு சொல்லாதவரை சி.ஐ.-4 போதும். பி.எஸ்.6 வண்டியில், அதுவும் டி.பி.எஃப். இருந்தால், சாம்பல் குறைந்த ஆயில்தான். சி.கே.-4 என்றோ, ஐரோப்பியத் தரமான ஏ.சி.இ.ஏ.வின் சி வகை என்றோ, வண்டிக் கம்பெனியின் சொந்தத் தர எண் என்றோ கையேட்டில் இருக்கும். அது எதுவோ அதையே கடையில் கேளுங்கள். “பி.எஸ்.6 ஆயில் கொடுங்க” என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் இருப்பதைக் கொடுப்பார். பின் எண் ஒன்றாக இருந்தால் சி.கே.-4 ஆயிலைச் சி.ஐ.-4 கேட்கும் பழைய வண்டியிலும் ஊற்றலாம். எதிர்த்திசையில் போகக் கூடாது. நான் போனது எதிர்த்திசையில்.

காசுக்கு வருவோம். உங்களுக்கு அதுதான் முதல் கேள்வி என்பது எனக்குத் தெரியும். ஒரு மலை வண்டி வருடத்துக்கு 32,000 கிலோமீட்டர் ஓடுகிறது, ஆறு லிட்டர் ஆயில் பிடிக்கிறது என்று வைப்போம். விலை கடைக்குக் கடை மாறும். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை கூட்டிப் பாருங்கள்.

பழைய பழக்கம்: லூஸ் ஆயில் லிட்டர் 300 ரூபாய், ஆறு லிட்டர் 1,800. லோக்கல் ஃபில்டர் 200. கூலி 200. மொத்தம் 2,200. இதை 5,000 கிலோமீட்டருக்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு 44 பைசா.

சரியான முறை: சீல் உடைக்காத கேனில் பொருத்தமான ஆயில் லிட்டர் 450 ரூபாய், ஆறு லிட்டர் 2,700. கம்பெனி ஃபில்டர் 450. கூலி 200. மொத்தம் 3,350. இதை 7,500க்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு 45 பைசாவுக்கும் கொஞ்சம் குறைவு.

வித்தியாசம் ஒரு பைசாகூட இல்லை. வருடத்துக்கு 300 ரூபாய்கூட இல்லை. வருடத்தில் ஆறு தடவைக்கு மேல் வண்டியை நிறுத்திய இடத்தில் நான்கு தடவை சொச்சம் நிறுத்தினால் போதும். இரண்டு அரை நாள் வாடகை மிச்சம். சமவெளியில் பத்தாயிரம் ஓட்டுகிறவருக்கு அது 34 பைசாவாக இறங்கும். நல்ல ஆயில் கட்டுப்படியாகாது என்று நாம் நினைத்ததெல்லாம் கேனின் மேல் ஒட்டிய விலையைப் பார்த்து. கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று ஒரு தடவையும் பார்க்கவில்லை.

இதை டீசலோடு வைத்துப் பாருங்கள். மலையில் லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 9 ரூபாய் 20 பைசா டீசலுக்கே போகிறது. டீசலுக்கு இருபது ரூபாய் செலவழித்தால் ஆயிலுக்கு ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயில் கால் ரூபாயை மிச்சப்படுத்தப் போய் டர்போ, டி.பி.எஃப்., கிராங்க் என்று எதையாவது பலி கொடுத்தவர்களின் வண்டிகளை நான் பிரித்திருக்கிறேன். இன்ஜினை முழுசாக இறக்கிப் போர் வேலை பார்த்தால் லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. டியூ தேதி அதற்காகத் தள்ளிப்போவதில்லை.

லூஸ் ஆயில் பற்றி ஒரு வார்த்தை. பேரலில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு, அதில் என்ன இருக்கிறது என்பது வேறு. பழைய ஆயிலை வடிகட்டி, நிறம் ஏற்றி, நல்ல கம்பெனிக் கேனில் அடைத்து விற்கும் கூட்டம் இருக்கிறது. அவர்களுக்குக் கேன் கிடைப்பது நம்மிடமிருந்துதான். காலிக் கேனை முழுசாக எடைக்குப் போடாதீர்கள். கத்தியால் கிழித்துவிட்டுப் போடுங்கள். சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். மூடி, தயாரித்த தேதி, கேனில் ஒட்டிய கியூஆர் கோடு எல்லாவற்றையும் பாருங்கள். ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். ஆயிலுக்கு நாம் 18 சதவீதம் வரி கட்டுகிறோம், பில் வாங்கும் உரிமை அந்தக் காசிலேயே இருக்கிறது. மெக்கானிக் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நேர்மையான மெக்கானிக் சந்தோஷப்படுவார்.

ஃபில்டரில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். அடைத்துப்போன ஃபில்டரில் ஒரு வால்வு திறந்துகொண்டு ஆயிலை வடிகட்டாமலே உள்ளே விடும். பட்டினி போடுவதைவிட அழுக்கு ஆயில் மேல் என்பதற்காக வைத்த ஏற்பாடு. அந்த வால்வு ஒழுங்காக வேலை செய்யாத போலி ஃபில்டர்களை நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன். ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஃபில்டர் புதிது, டிரெயின் நட்டின் வாஷர் புதிது. ஆயிலைச் சூட்டோடு இறக்குங்கள்; கரியும் கசடும் அதோடு வந்துவிடும்.

தினமும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. காலையில் சமதளத்தில் நிற்கும் வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், டிப்ஸ்டிக்கைத் துடைத்து இறக்கி எடுத்துப் பாருங்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள். டீசல் ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடும். கரியைத் தன்னோடு மிதக்கவிட்டுச் சுமப்பதுதான் அதன் வேலை. கறுக்காத ஆயில்தான் வேலை செய்யாத ஆயில். நீங்கள் பார்க்க வேண்டியது அளவு. கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் அதே ஆயிலை ஊற்றி நிரப்புங்கள். பி.எஸ்.6 வண்டியில் அளவு மேலே ஏறியிருந்தால் இன்னும் கவனம். டி.பி.எஃப். தன்னை எரித்துக்கொள்ள வண்டி கூடுதல் டீசலை விடும். நீங்கள் நடுவில் நிறுத்திக்கொண்டேயிருந்தால் அந்த டீசல் வடிந்து ஆயிலில் கலந்து, ஆயில் நீர்த்துப்போய் அளவு கூடும். மோந்து பாருங்கள், டீசல் வாடை வரும். அந்த ஆயிலை நாள் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி சீரான வேகத்தில் ஓட்டி அந்த எரிப்பை முடிக்கவிடுங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மாற்றும் நாள் வந்துவிட்டதா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை. மை உறிஞ்சும் தாளிலோ மெல்லிய வடிகட்டும் தாளிலோ ஒரு சொட்டு ஆயிலை விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். கறுப்பு மெல்ல வெளிறிப் பரவி நின்றால் ஆயிலுக்கு இன்னும் கரியைச் சுமக்கும் தெம்பு இருக்கிறது. நடுவில் மட்டும் அடர்ந்த கறுப்பாகத் திரண்டு, விளிம்பு வெட்டினது மாதிரி நின்றால் தெம்பு தீர்ந்துவிட்டது. இது ஆய்வுக்கூடச் சோதனைக்கு ஈடாகாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எண்ணை நம்புவதற்கு இது மேல்.

மலை ஏறி முடித்ததும் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற பொருள். அதன் தண்டு ஆயிலின் மேல் மிதக்கிறது. சூட்டோடு நிறுத்தினால் அங்கே தேங்கிய ஆயில் கருகி ஒட்டிக்கொள்ளும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள். இந்த ஐட்லிங் வீணில்லை.

கடைசியாக ஒன்று. இறக்கிய கறுப்பு ஆயில் எங்கே போகிறது? என் பட்டறையில் வெகுகாலம் அது பின்பக்க மண்ணில் போயிற்று. பிறகு சென்ட்ரிங் பலகைக்குப் பூச, வேலிக் கம்பத்தில் கரையான் ஏறாமல் தடவ என்று கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். ஒரு மழை வந்தால் அது ஓடையில் இறங்கும். ஓடை பவானியில் சேரும். கோவைக்கும் திருப்பூருக்கும் குழாயில் போவது அந்தத் தண்ணீர். 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பு நிறுவனத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். வெறுங்கையில் வருடக்கணக்காக அளைந்தால் தோலுக்கும் கேடு. சட்டம் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம் குழந்தைகள் குடிக்கிற தண்ணீரில் நம் வண்டி ஆயில் கலக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இத்தனையும் தனி ஆளாகச் செய்வது சிரமம் என்று தெரியும். ஆனால் நீங்கள் தனி ஆட்கள் இல்லை, ஒரு ஸ்டாண்டு. அதனால் மூன்று காரியம் கேட்கிறேன்.

ஒன்று, ஒரே தரமும் ஒரே பின் எண்ணும் கேட்கிற இருபது வண்டிகள் சேர்ந்தால் வருடத்துக்கு 500 லிட்டருக்கு மேல் ஆயில் ஆகிறது. கம்பெனியின் அங்கீகரித்த டீலரிடமிருந்து 210 லிட்டர் பேரலைச் சீலோடு சேர்ந்து வாங்குங்கள். எல்லோர் முன்னிலையிலும் திறந்து, பூட்டுப் போட்டு வையுங்கள். விலையும் குறையும், போலிப் பயமும் போகும்.

இரண்டு, பழைய ஆயிலுக்கென்று ஒரு காலி பேரல் வையுங்கள். நிரம்பியதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களுக்கு எடைபோட்டுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வருகிற காசு ஸ்டாண்டு நிதிக்கு.

மூன்று, வண்டிக்கு ஒரு நோட்டு. தேதி, மீட்டர், தோராயமாக இன்ஜின் ஓடிய மணி, ஊற்றிய ஆயிலின் பெயரும் தரமும், ஃபில்டர், இடையில் எவ்வளவு நிரப்பினீர்கள், எவ்வளவு காசு. நாற்பது ரூபாய் நோட்டு போதும். ஒரு வருடம் எழுதினால் உங்கள் வண்டிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை நானோ, யூடியூபோ, கடைக்காரரோ சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நோட்டே சொல்லும்.

அந்த பி.எஸ்.6 தம்பி இப்போது அப்படி ஒரு நோட்டு எழுதுகிறார். முதல் பக்கத்தில் அவர் வண்டியின் கையேட்டிலிருந்து ஆயிலின் தரக் குறியைப் பார்த்து எழுதித் தந்தது நான்தான். என்னால் அவருக்குத் திருப்பித் தர முடிந்தது அவ்வளவுதான். உங்கள் நோட்டின் முதல் பக்கத்தையும் எழுதிக்கொள்ளக் கையேட்டோடு ஒரு நாள் பட்டறைக்கு வாருங்கள். நான் காலை பதினொரு மணி வரை அங்கேதான் இருப்பேன்.

அன்போடு,
உங்கள் பழைய மெக்கானிக்,
மேட்டுப்பாளையம்